கவிழ்த்தாலும் விழாத தாங்கி

ட்ரீவா ஹாஸ்கெட் தன் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து இடுப்புப் பட்டையைச் சுற்றிக் கட்டியதைப் பார்த்து, கையில் வைத்திருந்த சாஸேஜ் பன்னைச் செம்மண்ணில் போட்டுவிட்டேன். அந்தப் பட்டையில் வரிசையாக இருந்த தோட்டாத் தாங்கிகள் ஆரஞ்சு நிறம். எங்கள் பக்கத்தில் ஆரஞ்சு என்றால் ராய்ஸ் டிட்மோர் செய்தது, கறுப்பு என்றால் லோவல் ஹாஸ்கெட் செய்தது. லோவல், ட்ரீவாவின் புருஷன்.

சொந்தப் புருஷன் மேசை போட்டு விற்கிற இடத்துக்கு, எதிராளியின் சரக்கைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள்! என் கண்தான் கெட்டுவிட்டதோ என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சேதான்.

"என்னடி இது?" என்றேன்.

"என்னது?"

"இடுப்புல."

"தாங்கி."

"அது எனக்கும் தெரியுது. யாரு செஞ்சதுன்னு கேக்கறேன்."

"நடீன், காலங்காத்தால ஆரம்பிக்காத. காப்பி இருந்தா குடு."

இவளோடு எவ்வளவோ வருஷமாகப் பழகுகிறேன். ஓக்லஹோமாவில் ஷாட்கன் போட்டி நடக்கிற ஒரு மைதானம் விடாமல் சேர்ந்து சுற்றியிருக்கிறோம். அவள் சுடுவாள், நான் டைமரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். என்னிடம் இப்படி மழுப்பியதே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்குக் காப்பியை அவள் தலையில் ஊற்றியிருப்பேன்.

இதில் என்ன இருக்கிறது, எந்தத் தாங்கியாக இருந்தால் என்ன என்று நினைக்கிறவர்கள் எங்கள் போட்டியைப் பார்த்ததில்லை. சுடுவதை எல்லோரும்தான் சுடுகிறார்கள். துப்பாக்கிக்குள் கொஞ்சம் தோட்டாதான் பிடிக்கும், எதிரே நிற்கிற இரும்புத் தட்டுகளோ அதைவிட நிறைய. ஓடிக்கொண்டே நிரப்ப வேண்டும். நாலு தோட்டாவை ஒரே பிடியில் தாங்கியிலிருந்து உருவி, கட்டைவிரலால் இரண்டிரண்டாகத் துப்பாக்கியின் வயிற்றுக்குள் தள்ள வேண்டும். ஜெயிப்பதும் தோற்பதும் அந்த இடத்தில்தான். அதனால் எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் பார்ப்பது இடுப்பை. முகமெல்லாம் அப்புறம். இடுப்பில் கட்டுவதா மாரில் கட்டுவதா, இரண்டிரண்டாக எடுப்பதா நாலாக எடுப்பதா, பிளாஸ்டிக்கா அலுமினியமா என்று ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். புதிதாக வருகிறவன் பாவம், பத்துப் பேரிடம் யோசனை கேட்டுப் பத்துவிதமாக வாங்கி, வீட்டில் ஒரு பெட்டி நிறைய வைத்திருப்பான்.

லோவலின் கறுப்புத் தாங்கிக்கு ஒரு பெருமை உண்டு. கவ்வினால் விடாது. மேசைக்கு யார் வந்தாலும் தோட்டா செருகிய தாங்கியைக் கவிழ்ப்பான், உதறுவான், மேசை விளிம்பில் டொக்கு டொக்கென்று தட்டுவான். "பாரு, விழுதா? விழுதா?" என்பான். விழாது. குழந்தையைப் பெற்றவன்கூட அப்படிக் காட்டிக்கொண்டு திரியமாட்டான். பிளாஸ்டிக் தகட்டைச் சமையலறை அடுப்பில் வைத்துச் சூடாக்கித்தான் வளைப்பான். அவர்கள் வீட்டில் கோழி வறுத்தால் அதிலும் பிளாஸ்டிக் வாடைதான் அடிக்கும். ட்ரீவா சிரித்துக்கொண்டே அதைத் தின்பாள். இந்தத் தொழிலை நம்பி, புது வருஷத்தோடு அவன் டயர் தொழிற்சாலை வேலையை விட்டிருந்தான். மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய படம் தொங்கும். ட்ரீவா துப்பாக்கியைக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு, மாரில் கட்டிய கறுப்புத் தாங்கியிலிருந்து நாலு தோட்டாவை உருவுகிற படம். இந்த மாநிலத்தில் அவளை மிஞ்சி நிரப்ப ஒரு பெண் கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

அந்தப் படத்துக்கு முன்னால்தான் அன்றைக்கு ஆரஞ்சைக் கட்டிக்கொண்டு நடந்து போனாள்.

லோவல் விடியற்காலையிலேயே மேசை போட வந்துவிட்டவன். அவள் தனி வண்டியில் வந்தாள். அதனால் அவனும் எங்களோடு சேர்ந்துதான் அதைப் பார்த்தான். யாருக்கோ மிச்சச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பக்கத்தில் சூரியகாந்தி விதை மென்று துப்பிக்கொண்டிருந்த கூட்டம் துப்புவதை நிறுத்தியது.

"என்ன இது?" என்றான் லோவல்.

"சும்மா மாத்திப் பாக்கறேன்."

"மாத்திப் பாக்க உனக்கு வேற எவனும் கிடைக்கலையா? அவன்தான் கிடைச்சானா?"

"இது மாசாந்தரப் போட்டிதானே லோவல். பெரிய போட்டிக்கு உன்னோடதையே கட்டறேன்."

"ஊரே பாக்குது ட்ரீவா."

"பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். தாங்கிகள் எல்லாம் பட்டையின் வலது பக்கத்தில் இருந்தன. இதுவரை அவள் நிரப்பியது இடதுகையால். ஜெயித்ததெல்லாம் அந்த இடதுகையால். உன் சோற்றுக்கையை மாற்றிக்கொள் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? அதை அவளே செய்துகொண்டு வந்திருக்கிறாள். முதல் சுற்றில் துப்பாக்கியை இடது உள்ளங்கைமேல் கிடத்தி, விலாவோடு அணைத்துக்கொண்டு, வலதுகையால் இரண்டிரண்டாக எடுத்து நிரப்பினாள். தப்பில்லாமல் செய்தாள். ஆனால் எவ்வளவு மெதுவாக! நேற்று வந்த பயலெல்லாம் அவளைவிடச் சீக்கிரம் முடித்தான். டைமரைப் பார்த்துவிட்டு நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பைத்தியமாடி உனக்கு?" என்று காதில் சொன்னேன்.

"எழுதிக்கோ நடீன். நேரத்தை எழுதிக்கோ."

ராய்ஸ் டிட்மோரைப் பிடித்து உலுக்கலாம் என்று போனேன். ராய்ஸ் அமைதியான ஆள், முன்பு கால்நடை மருந்து விற்றவன். சும்மாவே அதிகம் பேசமாட்டான். "அவகிட்டயே கேளு" என்றான். அதோடு தன் வண்டிப் பக்கம் திரும்பிவிட்டான். எனக்கு என்னென்னவோ தோன்றியது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அங்கே இருந்த எல்லோருக்கும் அதேதான் தோன்றியது.

மத்தியானம் மாட்டுக்கறி சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தபோது லோவல் ஓடிவந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"கேலன் பர்ரிஸ் வராரு. இப்பதான் போன் பண்ணாரு. இந்த வழியாத்தான் போறாராம், எட்டிப் பாத்துட்டுப் போறேன்னாரு."

கேலன் பர்ரிஸ் துல்சாவிலும் சுற்றுவட்டாரத்திலும் துப்பாக்கிச் சாமான் கடைகள் வைத்திருப்பவர். அவர் கடைகளில் கறுப்புத் தாங்கி ஏறிவிட்டால் லோவல் பிழைத்தான். ஏறாவிட்டால் மறுபடி டயர் தொழிற்சாலை வாசலில் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இலையுதிர்காலப் பெரிய போட்டிக்குத்தான் வருவதாக இருந்தார். இன்றைக்கு, இந்த நாள் பார்த்து, வந்து தொலைக்கிறார்.

லோவல் மேசையிலிருந்து மார்த் தாங்கியை எடுத்துக்கொண்டு ட்ரீவாவின் வண்டிக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். சண்டை என்றால் நான் இருக்க வேண்டாமா?

"கடைசிச் சுத்துக்கு இதக் கட்டு" என்றான்.

ட்ரீவா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னைக்கு வேணாம் லோவல்."

"அவரு உன்னப் பாக்கத்தான் வராரு. என் படத்துல இருக்கறவ அவன் சரக்கக் கட்டிட்டு நின்னா நான் என்ன சொல்றது? சொல்லு, நான் என்ன சொல்லட்டும்?"

"எனக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லு."

"காலைலேர்ந்து சுட்டுட்டுத்தானே இருக்க!"

பக்கத்து வண்டியிலிருந்து ராய்ஸ் எழுந்து வந்தான். "லோவல், விட்டுடுப்பா. அவளப் போட்டு..."

"நீ வாய மூடு!" லோவலின் கழுத்து நரம்பு புடைத்தது. "என் பொண்டாட்டிக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும். உனக்கென்ன அதுல?"

ராய்ஸ் ட்ரீவாவைப் பார்த்தான். ட்ரீவா வேண்டாம் என்பதுபோலத் தலையை லேசாக அசைத்தாள். ராய்ஸ் பின்வாங்கினான். இவர்களுக்குள் ஏதோ இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். லோவலும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், அவன் கண் சிவந்துவிட்டது.

"சரி, கட்டு" என்றாள் ட்ரீவா. கைகளை அகற்றிக்கொண்டு நின்றாள். லோவல் ஆரஞ்சுப் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, மார்த் தாங்கியை அவளுக்கு மாட்டி, இடது விலாப் பக்கம் இருந்த கொக்கியை டக்கென்று பூட்டினான்.

கேலன் பர்ரிஸ் பெரிய தொப்பியோடு வந்து சேர்ந்தார். எல்லோரிடமும் கைகுலுக்கினார். "உங்களப் பத்தி நெறையக் கேள்விப்பட்டிருக்கேன் மேடம்" என்று ட்ரீவாவின் வலதுகையைக் குலுக்கினார். மூன்று பக்கமும் செம்மண் மேடு சூழ்ந்த குழிக்குள் எல்லோரும் எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். லோவல் முன்வரிசையில் நின்றான்.

"ரெடியா?" என்றேன். ட்ரீவா தலையாட்டினாள். டைமர் பீப் என்றது.

ஆரம்பம் அவளுடைய பழைய ஆட்டமேதான். தட்டுகள் மடமடவென்று விழுந்தன. எனக்குக்கூடச் சந்தோஷம் வந்துவிட்டது. துப்பாக்கியில் தோட்டா தீரும் தறுவாயில் அதைக் கவிழ்த்துத் தோளில் வைத்து, இடதுகையை மாருக்குக் கொண்டுபோனாள். படத்தில் இருக்கிற அதே கோலம். நாலு தோட்டாவைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். விரல்கள் தோட்டாவின்மேல் வழுக்கிக்கொண்டு போயின. வயதான ஒருத்தி இறுகிப்போன ஊறுகாய் ஜாடி மூடியைத் திருகுவதுபோல இருந்தது. ட்ரீவாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. "இழு! இழு!" என்று பின்னாலிருந்து லோவல் கத்தினான்.

அவள் அவசரத்தில் வலதுகையால் எடுக்கப் பார்த்தாள். அதற்காகத் துப்பாக்கியை இடதுகைக்கு மாற்றினாள். இடதுகை அதைப் பிடித்ததாகத்தான் நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். விரல்கள் மடங்கவே இல்லை. துப்பாக்கி அவள் கையிலிருந்து நழுவி, முழங்காலில் பட்டுத் திரும்பி, மண்ணில் விழுந்தது.

"ஸ்டாப்!"

கத்தியது நான்தான், ஆனால் என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. துப்பாக்கியின் வாய் எங்களைப் பார்த்துக் கிடந்தது. உள்ளே தோட்டா இருக்கிறது. இத்தனை வருஷத்தில் எவ்வளவோ பேரை வெளியே அனுப்பியிருக்கிறேன். துப்பாக்கியைக் கீழே போட்டவர்கள் எல்லாம் புதுசுகள், அவசரக் குடுக்கைகள், வெயிலில் வேர்த்து வழிந்த தடியன்கள். ட்ரீவா ஹாஸ்கெட் அல்ல. ஒருநாளும் இல்லை.

விழுந்த துப்பாக்கியைச் சுட்டவர் தொடக்கூடாது, டைமர் பிடிப்பவர்தான் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் போய்க் குனிந்து எடுத்தேன். குழாயிலிருந்த தோட்டாவை வெளியே எடுத்தேன். வெடிக்கக் காத்திருந்தது அது. அதற்குப் பின்னால் இன்னொன்று. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"துப்பாக்கி விழுந்துடுச்சு ட்ரீவா. உனக்குப் போட்டி முடிஞ்சது."

"தெரியும்" என்றாள். முகம் சாம்பலாக இருந்தது.

இந்த இடத்தில் மனுஷனாகப் பிறந்தவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாகப் போவான். கேலன் பர்ரிஸ் முன்னால் வந்தார். ட்ரீவாவின் மாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஒண்ணுகூட விழலயேப்பா! அந்த இழு இழுத்தும் ஒரு தோட்டா கழண்டு வரல. இந்த மாதிரிப் பிடிப்ப நான் பாத்ததே இல்ல. இதக் கழட்டிக் குடும்மா, கைல வாங்கிப் பாக்கணும்."

எனக்கு அவர் கன்னத்தில் அறையலாம்போல இருந்தது. லோவலைப் பார்த்தேன். அவமானத்தில் குறுகிப்போய் நின்றவன், அதைக் கேட்டதும் நிமிர்ந்தான். சத்தியமாக நிமிர்ந்தான். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"கழட்டிக் குடு ட்ரீவா" என்றான்.

ட்ரீவா இடது விலாவிலிருந்த கொக்கியில் இடதுகைக் கட்டைவிரலை வைத்தாள். கொக்கி கழலவில்லை. மறுபடி வைத்தாள். விரல் கொக்கியின் பக்கத்தில், வெறும் துணியின்மேல் இருந்தது.

"கொக்கிய அழுத்து."

"அழுத்தறேன்."

"அழுத்தவே இல்ல நீ. சும்மா கைய வச்சுட்டு நிக்கற."

"அழுத்தறேன் லோவல். அழுத்துதா இல்லையான்னுதான் எனக்குத் தெரியல."

லோவல் அவளைப் பார்த்தான். ஆரஞ்சுத் தாங்கியும் வலதுகையும் அவள் மழுப்பலும் எதற்கென்று என் தலைக்குள் அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கின. பயத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"எத்தன நாளாடி?" என்று கத்தினேன். "தோட்டா போட்ட துப்பாக்கிய வச்சுக்கிட்டு, எங்க எல்லாருக்கும் முன்னாடி... எத்தன நாளா?"

"ஈஸ்டர்லேர்ந்து. மொதல்ல கட்டவெரல் மட்டும்தான். அப்புறம் பக்கத்து வெரல். சரியாப் போயிடும்னு நெனச்சேன்."

"ராய்ஸுக்குத் தெரியுமா?"

"போன மாசப் போட்டில காப்பி வரிசைல நின்னப்போ கோப்பைய ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தேன். என்னாச்சுன்னு கேட்டான். சொல்லிட்டேன். அப்புறம்தான் அவனே வலதுகைக்குத் தோதா, லூசா ஒண்ணு செஞ்சு குடுத்தான்." அவள் லோவலைப் பார்த்தாள். "வீட்டுலயும் அப்படித்தான் பிடிக்கறேன். நீ கேக்கல. கேட்டா சொல்லியிருப்பேனான்னும் தெரியல. வேலைய விட்டுட்டு அந்த அடுப்பு முன்னாடியே நிக்கற. மொதல்ல ஆர்டர் வரட்டும்னு இருந்தேன்."

ராய்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் லோவலும் அவனைப் பற்றி நினைத்ததை நினைத்து எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது.

லோவல் மெதுவாக அவள் பக்கத்தில் போனான். கொக்கியைக் கழற்றவில்லை. அவள் இடதுகையைத் தூக்கித் தன் கையில் வைத்துக்கொண்டான்.

கேலன் பர்ரிஸ் தொண்டையைக் கனைத்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், வியாபாரி. "நா அப்புறம் வேணா வரேன்... ஆனா லோவல், எல்லாக் கடைக்கும் எடுத்துக்கறேன்ப்பா. செஞ்சு குடுத்துடுவியா?"

லோவலுக்கு அது காதில் விழவே இல்லை. எந்த வார்த்தைக்காக வருஷம் பிறந்ததிலிருந்து அடுப்பு முன்னால் நின்றானோ அந்த வார்த்தை.

"செஞ்சு குடுப்பாரு சார்" என்றாள் ட்ரீவா. "நல்ல தாங்கி. நம்பி எடுங்க."

லோவல் அவள் கட்டைவிரல் நுனியைத் தன் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினான்.

"இது தெரியுதா?"

"இல்ல."

அடுத்த விரல். "இது?"

"இல்ல."

சுண்டுவிரல்வரை போனான். உள்ளங்கையில் அழுத்தினான். தன் நகம் வெளுக்கும்படி மணிக்கட்டில் அழுத்தினான்.

"இது, ட்ரீவா?"

"இல்ல லோவல்."

அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் எங்களைப் போலவே அதிர்ந்துபோய்த் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரம் ஏறியிருந்தது அவளுக்கே தெரியாது. அவன் சட்டைக்கையை மேலே சுருட்டி, முன்கையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, முழங்கைக் குழியில் கட்டைவிரலை வைத்தான்.

"இங்க?"

இல்லை என்று அவள் தலையசைத்தாள்.

முழங்கைக்கு மேலே அவன் அழுத்திப் பார்க்கவில்லை.